சினை ஊசியும் ஒற்றை மாட்டுக்காரரும்

உழவும் நெசவும் போலவே கறவையும் நம் குடும்பங்களின் வருவாய்க்கு ஒரு தூணாக இருந்து வருகிறது. போடிநாயக்கனூரிலும், அதனைச் சூழ்ந்த குரங்கணி, கோட்டகுடி முதலிய மலையடிவார ஊர்களிலும் ஏலத்தோட்டக் கூலி ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைப்பதன்று. இலவம்பஞ்சும், மாங்காயும், காப்பியும் பருவத்துக்கு ஒரு முறையே பணம் தருவன. ஏலக்காயின் விலையோ ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பது. ஆண்டிபட்டிப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் வேலை குறைந்த மாதங்கள் உண்டு. இந்தக் காலங்களிலெல்லாம் வீட்டுச் செலவைத் தாங்குவது கொட்டிலில் நிற்கும் ஒரு கறவை மாடே. அந்த மாடு உரிய காலத்தில் சினை நிற்காவிட்டால் அடுத்த ஈற்று தள்ளிப் போகிறது, பால் வற்றுகிறது, தீனிச் செலவு மட்டும் நிற்பதில்லை.

ஆதலால் மாட்டினங்களைப் பெருக்கும் புதிய முறைகளைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருப்பது அவசியம். ஆனால் இம்முறைகளைப் பரப்ப முன்வருவோர் அடிக்கடி ஒரு குறை கூறக் கேட்கிறோம். “விவசாயி புதுமைக்கு அஞ்சுகிறான்; எடுத்துச் சொன்னாலும் ஏற்பதில்லை” என்பதே அக்குறை. இது சரியான தீர்ப்புத்தானா? விவசாயி தயங்குவது அறியாமையினாலா, அல்லது அவர் தம் மனத்துக்குள் போட்டுப் பார்க்கும் ஒரு கணக்கினாலா? கணக்கினால் என்றால் அதனை மாற்றச் சங்கம் செய்யக் கூடியது யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறை வளர்ந்த வரலாறு

மக்கள் வழக்கில் “சினை ஊசி” என்று கூறப்படும் செயற்கை முறைக் கருவூட்டல் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1939-ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமாரன் என்பவர் இதனை முதன்முதலாகச் செய்து காட்டினார். 1942-இல் இஸத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இது குறித்து முறையான ஆராய்ச்சி தொடங்கிற்று. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஆதாரக் கிராமத் திட்டம் வகுக்கப்பட்டது. மூன்று நான்கு கிராமங்களைச் சேர்த்து, சுமார் 500 பசுக்களுக்கு மூன்று அல்லது நான்கு நல்ல பொலிகாளைகள் என்று ஏற்பாடு செய்து, தரமற்ற காளைகளுக்குக் காயடித்துவிடுவது என்பது அத்திட்டத்தின் முறை.

1949-இல் இங்கிலாந்தில் ஒரு முக்கியமான உண்மை கண்டுபிடிக்கப்பட்டது. விந்துடன் கிளிசரினைச் சேர்த்து உறைய வைத்தால் அதன் உயிர்ச்சக்தி கெடாது என்பதே அது. அதன் பயனாகவே இன்று பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனில் உறைவிந்துக் குச்சிகள் பல ஆண்டுகள் காக்கப்படுகின்றன. எங்கோ ஒரு பண்ணையில் நிற்கும் சிறந்த காளையின் வித்து, மலைச்சரிவிலுள்ள ஒரு கொட்டில் வரை வந்து சேர்வது இதனால்தான்.

அண்மைக் காலத்துப் புதுமை, பாலினம் பிரித்த உறைவிந்து. காளையின் விந்தணுக்களில் பாதி பெண் கன்றையும் பாதி ஆண் கன்றையும் உண்டாக்குவன. பெண் கன்றை உண்டாக்கும் அணுவில் மரபுப் பொருள் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு மிகுதி. சாயம் ஏற்றினால் அவ்வணு சற்றே மிகுதியாகச் சாயம் குடிக்கும். ஒளிக்கதிரின் முன்னே சற்றே மிகுதியாக ஒளிரும். அவ்வேறுபாட்டைக் கருவி கண்டு அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறது. ஒரே தொட்டியில் நனைத்தாலும் நூலுக்கு நூல் சாயம் வேறுபட்டுப் பிடிப்பதை அறிந்த நெசவாளர்களுக்கு இத்தத்துவம் எளிதில் விளங்கும். அமெரிக்க விவசாயத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் லாரன்ஸ் ஜான்சன் என்பவர் இம்முறையில் 1989-இல் முயல் குட்டிகளைப் பிறப்பித்துக் காட்டினார். பின்னர் அது மாடுகளுக்கும் வந்தது. இவ்விந்தினால் பிறக்கும் கன்றுகளில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு கிடேரிகளாக இருக்கும்.

நம் மாநிலத்தில் உதகமண்டலத்தில் இத்தகைய உறைவிந்து தயாரிக்கும் நிலையம் அமைந்துள்ளது. 2024 அக்டோபரில் உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட பிரிப்பு முறை நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அதனால் ஒரு குச்சியின் விலை சுமார் 200 ரூபாய் குறையும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. இதற்கு முன்பே, 2019 செப்டம்பரில், செயற்கைக் கருவூட்டல் பாதிக்கும் குறைவாக உள்ள மாவட்டங்களில் விவசாயியின் வீட்டு வாசலிலேயே அதனை இலவசமாகச் செய்யும் நாடு தழுவிய திட்டமும் தொடங்கப்பட்டிருந்தது.

முறை உண்டு, உதவியும் உண்டு. அங்ஙனமாயினும், நாடு முழுவதையும் நோக்கினால் சினைக்குத் தகுந்த மாடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கே செயற்கைக் கருவூட்டல் செய்யப்படுகிறது. முதல் ஊசி போட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலை இதுதான். காரணம் என்ன?

மலைக்கு அப்பால் நடந்தது

விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. முற்காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியே கோட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்து கொண்டிருந்தது. அதே டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாறு செல்லும் பாதையில் உள்ளது மாட்டுப்பட்டி. 1963-ஆம் ஆண்டில் இந்திய, சுவிட்ஸர்லாந்து அரசுகளின் உடன்பாட்டின்படி அங்கே ஒரு கால்நடை அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. கேரளத்து நாட்டுப் பசுக்களைப் பிரௌன் சுவிஸ் காளைகளுடன் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கினர். பின்னர் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஆகிய இனங்களின் இரத்தமும் சேர்ந்து “சுனந்தினி” என்னும் இனம் உருவாயிற்று. உறைவிந்து முறையை நம் நாட்டில் தொடக்கத்திலேயே கையாண்ட இடங்களுள் மாட்டுப்பட்டியும் ஒன்று. 1976-இல் இத்திட்டத்தின் பணிகள் கேரளக் கால்நடை அபிவிருத்தி வாரியத்தின் பொறுப்புக்கு வந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, கேரளத்தில் மாடு வளர்த்தவர்களில் பெரும்பாலோர் பெரிய பண்ணையாளர் அல்லர் என்பதே. ஒரு மாடும் இரண்டு மாடும் உடைய சிறு குடும்பத்தினரே மிகுதி. அவர்கள் புதுமையை ஏற்றனர். காளை வளர்ப்பு, விந்து தயாரிப்பு, நைட்ரஜன் வழங்கல், கருவூட்டல் நிலையம், கன்றுகளின் பதிவேடு என எல்லாம் ஒரே சங்கிலியாகத் தொடர்ந்து வந்தமையே அதற்கு முக்கிய காரணம். ஒருமுறை ஊசி தவறினாலும் அடுத்த முறை ஆள் வருவார் என்னும் உறுதி இருந்தால், சிறு விவசாயியும் துணிகிறார்.

அதே கேரளம் மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. கலப்பினம் பரவப் பரவ, உருவத்தில் மிகச் சிறிய வெச்சூர் மாடு ஏறத்தாழ அழியும் நிலையை அடைந்தது. 1989-இல் மண்ணுத்தியில் பேராசிரியை சோசாம்மா ஐப் என்பவரும் அவருடைய மாணவர்களும் எஞ்சியிருந்த சில மாடுகளைத் தேடிப் பிடித்து அவ்வினத்தைக் காக்கத் தொடங்கினர். பரப்புவதில் வேகம் காட்டிய காலத்தில், பாதுகாக்க வேண்டியது எது என்பதையும் உடன் எண்ணியிருந்தால் அந்நிலை வந்திராது. இதனைப் பின்னர் மீண்டும் காண்போம்.

ஏலச் செடி பரவிய விதம்

நம் விவசாயி புதுமைக்கு அஞ்சுபவர் என்று கூறுவோர், ஏலமலையை ஒருமுறை நோக்குதல் நன்று. இடுக்கி மாவட்டம் கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்னும் விவசாயி, தம் தோட்டத்துச் செடிகளிலிருந்தே தெரிந்தெடுத்து, 1980-களின் பிற்பகுதியில் “ஞள்ளானி” என்னும் ஏல இனத்தை உருவாக்கினார். அதனைப் பரப்ப எந்த இலாகாவும் வீடு வீடாகச் சென்று உபதேசம் செய்யவில்லை. தூரடியில் கிளைத்த பக்கக் கன்று, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாறியே ஏலமலை முழுவதும் பரவிற்று. போடியிலிருந்து மலையேறித் தோட்டம் செய்பவர்களும் அதனை நட்டனர்.

ஞள்ளானியை விரும்பி ஏற்ற அதே கை சினை ஊசிக்குத் தயங்குவது ஏன்? மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, ஏலக் கன்றைச் சிறிதளவில் சோதித்துப் பார்க்க இயலும். தோட்டத்தின் ஒரு மூலையில் பத்துக் கன்றுகளை நட்டால் போதும். அவை பட்டுப்போயினும் தோட்டம் போய்விடாது. ஆனால் ஒரே மாடு உள்ளவர் கால் மாட்டுக்குப் புதிய முறை, முக்கால் மாட்டுக்குப் பழைய முறை என்று செய்ய இயலாது. முழு மாட்டையும் அவர் பந்தயமாக வைக்க வேண்டியிருக்கிறது. புதிய சாயத்தை ஒரு சிட்டத்தில் நனைத்துப் பாராமல் பாவு முழுவதற்கும் ஏற்றும்படி நெசவாளரிடம் கூறினால் அவர் இசைவாரா?

இரண்டாவது, பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஏலச் சரம் காய்த்துத் தொங்குவதை வேலிக்கு அப்பாலிருந்தே பார்க்கலாம். சினை ஊசியின் பலனோ, சினைக்காலம் ஒன்பதரை மாதமும், கன்று வளர்ந்து தலையீற்று ஈனும் வரை இரண்டரை ஆண்டுக்குக் குறையாத காலமும் கழிந்த பின்னரே பால் செம்பில் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து பெறும் விடை அது.

மூன்றாவது, தவறு நேர்ந்தால் காரணம் விளங்க வேண்டும். செடி பட்டுப்போனால் வேரைப் பார்த்து அறியலாம். மாடு சினை நிற்காவிட்டால் குச்சி கெட்டதா, நேரம் தவறியதா, மாட்டுக்குச் சத்துக் குறைவா என்பது உடையவருக்குத் தெரிவதில்லை. விளங்காத தோல்வி நம்பிக்கையைக் கெடுப்பது இயல்பு.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய இயல்பன்று. அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் கலப்பின மக்காச்சோளம் பரவிய வரலாற்றை ரயன், கிராஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943-இல் வெளியிட்டனர். விதையைப் பற்றி முதலில் சொன்னவர் வியாபாரியாக இருந்தார். எனினும் விவசாயியை நடத்துவித்தது அண்டை நிலத்துக்காரரின் அனுபவமே. எடுத்த எடுப்பில் நிலம் முழுவதும் புதிய விதையை விதைத்தவர் அரிது. ஒரு சிறு பாத்தியில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு விரித்துச் சென்றவரே பலர். இங்ஙனம் ஏறத்தாழ எல்லோரும் மாறப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. சோதித்துப் பார்க்க ஒரு சிறு பாத்தி இருந்த இடத்திலேயே இத்துணைக் காலம் பிடித்தது. அப்படி ஒரு பாத்தியே இல்லாத ஒற்றை மாட்டுக்காரரைப் பிடிவாதக்காரர் என்று கூறுவது நியாயமாகுமா?

மந்தைக்கு லாபம், மாட்டுக்கு நஷ்டம்

பாலினம் பிரித்த விந்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. பிரிக்கும் வேலையில் அணுக்கள் சற்றுத் தளர்கின்றன. சாதாரணக் குச்சியில் சுமார் இரண்டு கோடி அணுக்கள் இருக்க, பிரித்த குச்சியில் சுமார் இருபது இலட்சமே உள்ளன. ஆகவே சினை நிற்கும் வாய்ப்பும் ஓரளவு குறைகிறது.

விளக்கத்துக்காக ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சங்கத்தில் 100 மாடுகளுக்குச் சாதாரண விந்தைச் செலுத்தினால், முதல் ஊசியில் 40 சினை நிற்பதாகக் கொள்வோம். அவற்றில் பாதி, அதாவது 20, கிடேரிக் கன்றுகள். அதே 100 மாடுகளுக்குப் பிரித்த விந்தைச் செலுத்தி, 32 மட்டுமே சினை நின்றாலும், நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் 29 கிடேரிகள் பிறக்கும். சங்கத்தின் மந்தை முழுவதையும் நோக்கினால் ஒன்பது கிடேரிகள் ஆதாயம். ஆனால் சினை நிற்காத மாடுகள் 60-லிருந்து 68 ஆகிவிட்டன. கூடுதலாக எட்டு வீடுகளில் அந்த மாதம் ஏமாற்றம். மாடு மீண்டும் பருவத்துக்கு வர 21 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை தீனி வீணே செல்லும்.

மந்தை முழுவதற்கும் லாபமாக இருப்பது, தனி மாட்டுக்காரருக்கு நஷ்டமாக வந்து விடியலாம். பத்து மாடு உடையவர் தம் கொட்டிலுக்குள்ளேயே அந்த நஷ்டத்தை ஈடு செய்துகொள்வார். ஒற்றை மாடு உடையவருக்கு அவ்வழி இல்லை. ஆதலால் அவர் தயங்குவது அறியாமை அன்று; தம் நிலைமைக்கு ஏற்ற சரியான கணக்கே ஆகும். அந்தக் கணக்கை உபதேசத்தால் மாற்ற இயலாது. நஷ்டத்தைப் பகிர்ந்து கொள்வதால் மட்டுமே மாற்ற இயலும். பலர் சேர்ந்து ஒருவரின் நஷ்டத்தைத் தாங்குவது கூட்டுறவின் அடிப்படைத் தத்துவம் அல்லவா?

மலைச்சரிவின் தனித் தடைகள்

இவற்றோடு நம் பகுதிக்கே உரிய தடைகளும் உண்டு. மாடு பருவத்துக்கு வந்திருக்கும் நேரம் மிகக் குறுகியது. ஏறத்தாழ அரை நாளிலிருந்து முக்கால் நாள் வரை. அடிக்கடி கத்துதல், தீனி குறைதல், பால் சட்டெனக் குறைதல், மற்ற மாடுகள் மீது தாவுதல், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுதல் ஆகியவை அறிகுறிகள். காலையில் இவற்றைக் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது முறை. இதனைத் தவறவிட்டால் 21 நாள் போயிற்று.

ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் பொழுது புலருமுன்பே ஜீப்பு ஏறிப் போடிமெட்டு வழியாக மலைக்குச் சென்று, மாலையில்தான் திரும்புகின்றனர். பகல் முழுவதும் மாட்டைப் பார்ப்பவர் வீட்டு முதியவரோ பள்ளி செல்லாத சிறுவரோதான். கோடைக்காலத்தில் கலப்பின மாடுகளின் பருவ அறிகுறிகள் மங்கலாகவே தெரியும். இரவில் வந்து விடியுமுன் போய்விடுவதும் உண்டு. அறிகுறி கண்டாலும் செய்தி சொல்ல வேண்டும். பணியாளர் நைட்ரஜன் குடுவையுடன் வர வேண்டும். சரிவின் கடைசி வீட்டுக்கு அவர் வந்து சேர்வதற்குள் பருவம் தீர்ந்துவிடுவது அரிதன்று. அப்போது “ஊசி பலிக்கவில்லை” என்று ஊரில் பேச்சு எழுகிறது. உண்மையில் பலிக்காதது ஊசி அன்று. அது வந்து சேர்ந்த நேரமே.

ஆகவே ஒரு விவசாயியின் ஆர்வம் அவர் உள்ளத்தில் மட்டும் இருப்பதன்று. அது பாதையின் நீளத்தையும், பணியாளரின் நேரத்தையும், குடுவையிலுள்ள நைட்ரஜனின் அளவையும் பொறுத்தது. பணியாளர் நேரத்தில் வரும் ஊரில் எல்லோரும் “முற்போக்கு விவசாயிகள்” ஆகிவிடுகின்றனர்.

மலைமாட்டுக்கு இது வேண்டுமா?

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். நம் சரிவுகளில் மேயும் மலைமாடு பாலுக்காக வளர்க்கப்படுவதன்று. எருவுக்கும், வயலில் கிடை போடுவதற்கும், உழவுக்கும் உரியது அது. கரடுமுரடான மேய்ச்சலில் தன்னைத் தானே காத்துக் கொள்வது. மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடும் கிடை மாடே; அது தனி இனமாகப் பதிவு பெற்றுள்ளது. இத்தகைய மாடுகளுக்கு ஜெர்சி விந்தைச் செலுத்திப் பால் பெருக்க முயல்வது, மலையேறும் கால்களைக் கொடுத்து, நிழலும் அடர்தீவனமும் கேட்கும் உடலை வாங்குவதாகும். நாட்டினங்களை அவற்றின் சொந்தப் பகுதியில் தூய இனமாகவே பெருக்குவது நம் மாநிலத்தின் இனவிருத்திக் கொள்கையிலும் இடம்பெற்ற கருத்து.

மலைமாட்டுக்காரரின் கவலை வேறு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. பின்னர் அதே மாதத்திலேயே அத்தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் உரியதாகத் திருத்தியது. மேய்ச்சல் நிலமே கேள்வியாக இருப்பவரிடம் சினை ஊசியைப் பற்றிப் பேசுவது, பசித்தவரிடம் தாம்பூலம் நீட்டுவது போலாகும். அவர் மறுத்தால் அதனைப் பின்னடைவு என்று ஏட்டில் எழுதிவிடக் கூடாது. வெச்சூர் மாட்டின் கதையை நினைவில் கொண்டால், அவருடைய மறுப்பு ஓர் இனத்தையே காக்கும் மறுப்பாகவும் இருக்கலாம். வீட்டுக் கொட்டிலில் நிற்கும் கலப்பினக் கறவைக்கே இப்புதிய முறை ஏற்றது. இந்த வேறுபாட்டைச் சங்கம் முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும்.

சங்கம் செய்யக் கூடியவை

இனிக் காரியத்துக்கு வருவோம். சிறிய சங்கமும் தன் சக்திக்குள் செய்யக் கூடியவை சில உண்டு.

முதலாவது, சோதனைப் பாத்தியைச் சங்கமே அமைத்துத் தருதல். விருப்பமுள்ள சில அங்கத்தினரின் மாடுகளில் முதலில் இதனைச் செய்யலாம். ஆரோக்கியமுள்ள கிடேரிகளையும், ஓரிரு ஈற்றுக் கண்ட இளம் பசுக்களையுமே பிரித்த விந்துக்குத் தெரிந்தெடுக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சினை நிற்காத மாட்டுக்கு இதனைச் செலுத்துவது பணத்தையும் பெயரையும் ஒருங்கே இழப்பதாகும்.

இரண்டாவது, நஷ்டப் பகிர்வு நிதி. 100 அங்கத்தினர், தலைக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் பால், லிட்டருக்கு 5 காசு பிடித்தம் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 30 ரூபாயும், கறவையுள்ள 300 நாட்களுக்கு 9,000 ரூபாயும் சேரும். இது பெருந்தொகை அன்று. எனினும் முதல் ஊசி தவறியவருக்கு மறு ஊசியின் செலவையும், சற்றுத் தீவன உதவியையும் அளிக்கப் போதும். “தவறினாலும் தனியாக விடப்பட மாட்டேன்” என்னும் உறுதியின் மதிப்பு அத்தொகையினும் பெரிது.

மூன்றாவது, செய்தி ஏற்பாடு. காலையிலும் மாலையிலும் பால் ஊற்ற வருபவர், மாட்டின் அறிகுறியை அங்கேயே சொல்லிவிடலாம். சங்க எழுத்தர் அதனைக் குறித்துக்கொண்டு பணியாளருக்குத் தொலைபேசியில் தெரிவித்தால், ஒரே பயணத்தில் சரிவின் மூன்று நான்கு வீடுகளைப் பார்த்துவர முடியும். அறிகுறிகளை முதலில் காண்பவர் பெரும்பாலும் பெண்களே. ஆதலால் விளக்கக் கூட்டங்களை அவர்கள் தோட்டத்திலிருந்து திரும்பிய பின் வைத்தல் வேண்டும். பகல் பதினொரு மணிக் கூட்டத்தால் பயனில்லை.

நான்காவது, பதிவேடு. ஊசி போட்ட நாள், நேரம், காளையின் எண், மூன்றாம் மாதத்தில் சினைப் பரிசோதனையின் முடிவு, பிறந்த கன்று ஆகியவற்றை எழுதி, மாதந்தோறும் சங்க வாயிலில் ஒட்டுதல் வேண்டும். வெற்றியோடு தோல்வியையும் ஒட்ட வேண்டும். தோல்வியை மறைத்தால் அது வதந்தியாக வெளிவரும். காரணத்துடன் எழுதி வைத்தால் அது பாடமாகும். காரணம் கண்டறிவதற்குக் கால்நடை மருத்துவமனையின் உதவியை நாடலாம். 2020-இல் தொடங்கப்பெற்ற தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியும் அணுகும் தொலைவிலேயே உள்ளது.

ஐந்தாவது, பலனைக் கண்ணில் காட்டுதல். ஆண்டுக்கு ஒரு முறை, சங்க எல்லைக்குள் பிறந்த கிடேரிகளை ஓரிடத்தில் கூட்டி, தாயின் பால் அளவை அட்டையில் எழுதித் தொங்கவிட்டுப் பேரணி நடத்தலாம். நூறு பிரசங்கம் செய்யாததை அண்டை வீட்டுக் கிடேரி ஒன்று செய்துவிடும். ஏலச் சரத்தை வேலிக்கு மேல் பார்த்தவர்களுக்கு, கிடேரியையும் பார்க்கும் வாய்ப்பை அளிப்பதே இதன் கருத்து.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாகத் தீனியைக் கவனித்தல் வேண்டும். பசும்புல்லும், தாது உப்புக் கலவையும், தூய நீரும் இல்லாத மாட்டுக்கு எந்தக் காளையின் வித்தும் கைகொடுக்காது. கிடேரி பிறந்தால் மட்டும் போதாது. அது உரிய எடைக்கு வளர்ந்து பருவம் அடையும் வரை தீனி போடச் சக்தி உண்டா என்பதையும் குடும்பத்தினர் முன்னரே எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தச் சக்தி இல்லாத ஆண்டில் சாதாரணக் குச்சியே போதும் என்று ஓர் அங்கத்தினர் முடிவு செய்தால் அதுவும் அறிவுள்ள முடிவே.

புதுமையை ஏற்கும் மனம் நம்மவர்க்கு உண்டு என்பதற்கு ஏலமலையின் ஒவ்வொரு ஞள்ளானித் தூரும் சாட்சி கூறும். அந்த மனத்துக்கு வேண்டியவை சோதித்துப் பார்க்க ஒரு சிறு இடம், கண்ணுக்குத் தெரியும் ஒரு பலன், தவறினால் தாங்கும் ஒரு துணை ஆகிய மூன்றுமே. பெரிய பண்ணையாளருக்கு இம்மூன்றும் தம் செல்வத்தால் கிடைக்கின்றன. ஒற்றை மாட்டுக்காரருக்கு இவற்றைத் தரக் கூடியது சங்கம் ஒன்றே. அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, லிட்டருக்கு எத்துணைக் காசு பிடிப்பது, முதலில் எந்த எந்த மாடுகளைத் தெரிந்தெடுப்பது, பதிவேட்டை எவர் எழுதுவது என்பவற்றை அங்கத்தினர்கள் கலந்து முடிவு செய்ய முன்வர வேண்டும்.